ஸ்பிரிங்கை வெட்டும் முன் காம்பஸ் பெட்டியைத் திறங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயா போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். பாதிக்குமேல் எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

முந்தாநாள் ராத்திரி என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் 4 படங்கள் அனுப்பியிருந்தான். 2004-இல் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில், ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சு. பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும். படத்தில் இருப்பது அவன் அப்பா 1997-இல் வாங்கிய மாருதி 800. அவர் இப்போது இல்லை. அந்த வண்டியை விற்க மனசில்லாமல் வைத்திருக்கிறான், நல்ல காரியம். ஆனால் படத்தில் வண்டியின் முன்பக்கம் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. கீழே எழுதியிருந்தான்: "சாரே, முன் ஸ்பிரிங்க ரெண்டு சுத்து வெட்டியாச்சி. இனி வளைவுல பசை போட்ட மாதிரி நிக்கும். எப்படி இருக்கு?"

எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டான். கேட்டால் நான் சொல்லாமல் விடுவேனா? அவனுக்கு மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் படத்துக்கு நம் குரூப்பில் 31 பேர் கைதட்டியிருக்கிறீர்கள். அதில் 3 பேர் "எனக்கும் செய்யணும்" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். ஒருவன் என் சொந்த மருமகன். அதனால்தான் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியன். இன்ஜினியர் அல்ல, மெக்கானிக்கும் அல்ல. ஆனால் 12 வருஷம் ஒரு பத்மினி வைத்திருந்தேன். அதில் செய்த ஒரு மடத்தனத்துக்கு என் அம்மை விலை கொடுத்தாள். அந்தக் கதையை உங்களில் பலருக்கு நான் சொன்னதில்லை.

1995-இல் சொசைட்டியில் கடன் எடுத்து, 1986 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அந்த வண்டிக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை. வயலிலிருந்து தேங்காய், கருப்பட்டி வாங்கப் போனால் கருப்பட்டி, விசேஷத்துக்குப் போனால் 7 பேர் என்று ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் இறங்கிவிட்டது. ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். "ஆளுக்கொரு பட்டை கூடப் போட்டுரலாம் சாரே, ரெண்டு இஞ்ச் ஏறி நிக்கும்" என்றார்கள். போட்டார்கள், ஏறி நின்றது. பார்க்க நன்றாகவே இருந்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு, ஓடப் புறப்பட்ட முயல் மாதிரி. நானும் சந்தோஷமாகத்தான் ஓட்டினேன். ஸ்டியரிங் முன்னைவிட லேசாக இருந்தது. அதையும் நல்லது என்றே நினைத்தேன். லேசாக ஆனதுதான் நோயின் முதல் அறிகுறி என்று அன்று எனக்குத் தெரியாது.

1998 ஆடி மாசம். திருநெல்வேலியில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான், வீட்டுக்காரி, மகள், அம்மை. காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வந்ததும் காற்று பிடித்தது. ஆடிக்காற்றை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மேற்கே மலை அடைத்து நிற்கிறது, ஆரல்வாய்மொழியில் மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று முழுக்க அந்த ஒரு வாசல் வழியாக நெரிந்துகொண்டு வரும். அதை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். நாகர்கோவிலைப் பார்த்து வருகிறவனுக்கு அந்தக் காற்று வலது முன்பக்கத்திலிருந்து அடிக்கும்.

அன்று நாலுவழிச்சாலை கிடையாது. ஒரே ரோடு, எதிரும் புதிருமாக வண்டிகள். காற்று இடதுபக்கம் தள்ளுகிறது, நான் ஸ்டியரிங்கை வலதுபக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறேன். எதிரே ஒரு லாரி. அது என் வலதுபக்கம் வந்த அந்த ஒரு நொடி காற்றை மறைத்தது. காற்று நின்றது, என் கை நிற்கவில்லை. வண்டி லாரியைப் பார்த்துப் பாய்ந்தது. பதறி இடதுபக்கம் ஒடித்தேன். லாரி கடந்துபோனது, மறுபடி காற்று அறைந்தது. காற்றும் இடது, என் கையும் இடது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு பனைமூட்டில் இடித்து நின்றது.

யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மைக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. வயசான எலும்பு, சேர்ந்தது, ஆனால் நேராகச் சேரவில்லை. அதற்குப் பிறகு 9 வருஷம் இருந்தாள். திருவலக்குத்தியில் உட்கார்ந்து தேங்காய் திருவ அவளுக்கு முடியவில்லை. "காத்து தள்ளிட்டு, அவன் என்ன செய்வான்" என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். காற்று தள்ளியது உண்மை. ஆனால் அந்த ரோட்டில் அன்று நூறு வண்டிகள் அதே காற்றில் நேராகப் போயின.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தபோது, வடசேரிப் பக்கம் அலைன்மென்ட் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். கம்ப்யூட்டர் கிடையாது. தரையில் சாக்பீஸ் கோடு, ஒரு நூல், ஒரு தூக்குக்குண்டு. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பக்கவாட்டில் குந்தியிருந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "சாரே, வண்டி முன்னால குனிஞ்சி கும்பிட்டுட்டுல்லா நிக்கி. கும்பிட்டுட்டு நடக்கவன் நேராப் போவானா?"

அதுதான் விஷயம். அவர் ஒரு வரியில் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து காம்பஸ், பாகைமானி எடுத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பார் தண்டு செங்குத்தாக இல்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தத் தண்டின் கோட்டை அப்படியே தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் முட்டும். அதாவது டயர் தொடும் இடம் பின்னால் இழுபட்டு வருகிறது. கயிறு கட்டி இழுக்கிற பொம்மை எப்படி இழுக்கிறவன் பின்னாலேயே வருமோ, அப்படி சக்கரம் தானாக நேராகிக்கொள்ளும். அதனால்தான் சைக்கிளில் நீங்களெல்லாம் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஸ்கூல் கேட்டுக்குள் வந்தீர்கள், நான் பிரம்பைத் தேடினேன். இந்தச் சாய்மானத்துக்குக் கேஸ்டர் என்று பெயர். காரின் முன்சக்கரத்துக்கும் இது உண்டு, ஆனால் சில டிகிரிதான்.

இப்போது கணக்கு. பத்மினியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் 92 இஞ்ச். முன்சக்கரத்தை மையமாக வைத்து 92 இஞ்ச் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். சுற்றளவு, 2 பெருக்கல் 22-இன்கீழ் 7 பெருக்கல் 92, ஏறக்குறைய 578 இஞ்ச். 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 1.6 இஞ்ச். நான் பின்னால் தூக்கியது 2 இஞ்ச். ஆக மொத்த வண்டியும் ஒன்றேகால் டிகிரி முன்னால் குனிந்துவிட்டது. முன்சக்கரத்தின் சாய்மானமும் அதே ஒன்றேகால் டிகிரி குறைந்துவிட்டது. இருந்ததே சில டிகிரி, அதில் ஒன்றேகால் போனால் மிச்சம் என்ன? ஸ்டியரிங் லேசாகத்தான் இருக்கும். நேராக்கிக் கொடுக்கிற சக்தி போய்விட்டதே. பின்னால் ஒரு பட்டை போட்டதற்கும் முன்சக்கரத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று, கணக்கு வாத்தியாரான எனக்குத் தோன்றவில்லை. வருஷாவருஷம் கரும்பலகையில் வட்டம் போட்டவன் நான்.

பெரியவர் கூடுதல் பட்டையைக் கழற்றினார். தளர்ந்துபோன மூலப்பட்டைகளுக்கு மறுபடி வளைவு கொடுக்க வைத்தார். முன்னால் தேய்ந்த புஷ்களை மாற்றினார். வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த ஆடியில் அதே வாசல் வழியாக அதே வண்டியை ஓட்டினேன். காற்று தள்ளத்தான் செய்தது, ஆனால் வண்டி என் கைக்குக் கட்டுப்பட்டது.

இதை வைத்து நான் "கம்பெனி போட்டதைத் தொடாதே" என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். அது என் கட்சி இல்லை. அப்படிச் சொல்கிற பெரிய மனுஷர்களும் நம் குரூப்பில் உண்டு. அவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. கம்பெனிக்காரனும் தப்பான கோணத்தைப் போட்டிருக்கிறான், பிறகு அவனே மாற்றியும் இருக்கிறான். அதற்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், நம் சென்னையிலேயே இருக்கிறது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? என் வயசுக்காரர்களுக்கு இருக்கும். இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டை, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் செய்து விற்றது. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் ஒன்று இருந்தது. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு சகிதம் முன்பக்கம் மொத்தமும் முதலை வாய்போல எழும்பும். அதைப் பார்க்கவே நாங்கள் கூட்டமாகப் போவோம். இருந்த இடத்திலேயே வட்டமடிக்கும். சின்னச் சந்தில்கூட ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும்.

அந்த வண்டியின் பின்பக்கத்தில் ஒரு விசேஷம். அம்பாசடர் மாதிரி இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே உலக்கை ஆக்ஸில் கிடையாது. நடுவில் கியர்பெட்டி மாதிரியுள்ள டிஃபரன்ஷியல் அசையாமல் சட்டத்தில் இருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் அரை ஆக்ஸில்கள் தோளிலிருந்து தொங்கும் கைபோல ஆடும். சக்கரம் அந்தக் கையின் நுனியில் ஆணியடித்த மாதிரி. கை மேலே போனால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், கை கீழே தொங்கினால் சக்கரத்தின் பாதம் உள்ளே மடங்கும். ஸ்விங் ஆக்ஸில் என்பார்கள். குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு சக்கரம் இறங்கினால் மற்றது கவலைப்படாது, சொகுசுதான்.

சிக்கல் வளைவில். வேகமாக ஒரு வளைவில் போகிறவன் பயந்து திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டான் என்றால் பின்பக்கம் லேசாக எழும்பும். எழும்பினால் கைகள் கீழே தொங்கும். தொங்கினால் வெளிப்பக்கச் சக்கரத்தின் பாதம் உள்ளே மடங்கும். மடங்கிய டயர், விளிம்பில் நின்றுகொண்டு, வண்டியை இன்னும் தூக்கிவிடும். தூக்கினால் இன்னும் மடங்கும். காலில் சுளுக்குப் பிடிக்கிற மாதிரிதான், கணுக்கால் மடங்குகிறதும் உடம்புப் பாரம் அதன்மேல் விழுகிறதும் ஒரே நேரத்தில். பின்பக்கம் விலகிக்கொண்டு போய்விடும்.

சென்னைக் கம்பெனி என்ன செய்தது? 1972-இல் அதே வண்டியின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றி ஸ்டாண்டர்டு கஸல் என்று கொண்டுவந்தபோது, அதே 948 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு, ஸ்விங் ஆக்ஸிலை மட்டும் தூக்கிவிட்டு நேரான உலக்கை ஆக்ஸிலைப் போட்டுவிட்டது. வாங்குகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழைய பின்பக்கம் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம். புதுமையைக் கழற்றிவிட்டுப் பழமைக்குப் போனார்கள், நம் ரோட்டுக்கு அது சரி. அங்கே இங்கிலாந்தில் டிரயம்ப் வேறு வழி பிடித்தது. அதே ஆக்ஸிலை வைத்துக்கொண்டு, குறுக்கே போகும் பட்டைக்கட்டில் அடிப்பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு மற்றப் பட்டைகள் நடுவில் ஊசலாடும்படி செய்தார்கள். 1970 முதல் ஸ்பிட்ஃபயர் காரில் அப்படி வந்தது. வளைவில் வண்டி சாய்வதைப் பின்பக்கப் பட்டை எதிர்க்காது. அதனால் பின்பக்கம் தூக்கிக்கொள்வது குறையும். என்ன அருமையான யோசனை பாருங்கள். இறுக்கியதைத் தளர்த்தினார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. ஷெவர்லே கோர்வேர் என்ற கார் 1960 மாடலாக ஸ்விங் ஆக்ஸிலோடு வந்தது. ரால்ஃப் நேடர் என்ற வக்கீல் 1965-இல் கார்களின் பாதுகாப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, முதல் அத்தியாயத்திலேயே அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் 1965 மாடலில் கம்பெனி பின்பக்கத்தை முழுக்க மாற்றிவிட்டிருந்தது. 1972-இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்று சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நீங்களே என்னைப் பிடித்துக்கொள்வீர்கள்.

இப்போது ஒரு வேடிக்கை. அந்த டிரயம்ப், ஹெரால்டு வண்டிகளை ஓட்டுகிற பிரியர்கள், பின்பட்டைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் ஒரு கனமான துண்டு வைத்துப் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள். தாழ்த்தினால் கைகள் சற்று மேலேறி நிற்கும், சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கும், பாதம் மடங்குகிற ஆபத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதாவது அந்த வண்டிக்குத் தாழ்த்துவது மருந்து.

அதே மருந்தை மாருதி 800-க்குக் கொடுத்தால்? இதுதான் நம் பையன் கதை. நோட்டை எடுங்கள்.

மாருதியின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரு கம்பம், கீழே ஒரே ஒரு கை. ஒரு தாளில் முன்னிருந்து பார்க்கிற படமாக வரையுங்கள். கம்பத்தின் மேல்நுனியில், கம்பத்துக்குச் செங்குத்தாக உள்பக்கம் ஒரு கோடு. கீழ்க்கையின் திசையிலேயே உள்பக்கம் இன்னொரு கோடு. இரண்டும் எங்கோ தூரத்தில் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளியிலிருந்து, டயர் தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு கோடு. அது வண்டியின் நடுக்கோட்டை எங்கே வெட்டுகிறதோ, அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் வண்டி வளைவில் சாயும். ரோல் சென்டர் என்று இதற்குப் பெயர். வண்டியின் கனத்தின் மையம் அதற்கு மேலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் நெம்புகோலின் கை. கை நீண்டால் தூக்குவது சுலபம் என்று ஏழாம் வகுப்பில் கடப்பாரையும் கல்லும் வைத்துக் காட்டியிருக்கிறேன். இங்கே நெம்புகிறது வளைவின் விசை, சாய்கிறது நம் வண்டி.

இப்போது ஸ்பிரிங்கை வெட்டுங்கள். உடம்பு கீழே வருகிறது, கனத்தின் மையமும் கீழே வருகிறது. ஆனால் கீழ்க்கையின் வெளிநுனி சக்கரத்தோடு இருக்கிறது, அது இறங்கவில்லை. அதனால் வெளிப்பக்கம் தாழ்ந்திருந்த கை படுத்துக்கொள்கிறது, இன்னும் வெட்டினால் வெளிநுனி மேலேறிவிடுகிறது. படத்தில் அந்தக் கோட்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டு கோடும் வெட்டும் புள்ளி சரசரவென்று கீழே போகும், ரோல் சென்டரும் கூடவே போகும். உடம்பு இறங்கியதைவிடக் கூடுதலாக அது இறங்கும். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடிவிட்டது. தாழ்ந்த வண்டியை வளைவு இன்னும் சுலபமாக நெம்பும். பையா, நீ நெம்புகோலை நீளமாக்கியிருக்கிறாய்.

"ஸ்பிரிங் கடினமாகிவிட்டதே சார், சாயாதே" என்பான். சரிதான், சுருளில் சுற்று குறைந்தால் கடினம் கூடும். 6 சுற்றில் ஒன்றை வெட்டி 5 ஆக்கினால் கடினம் ஆறில் ஐந்தின் தலைகீழ், அதாவது 20 சதவீதம் கூடும். ஆனால் சக்கரம் மேலே போவதற்கு இருந்த இடத்தில் பாதியை நீ தின்றுவிட்டாய். வளைவில் பாரம் ஏறும்போது ஸ்ட்ரட் போய் ரப்பர் தடுப்பில் மோதும். அந்த நொடியில் 20 சதவீதம் என்ன, அந்த மூலையில் ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி ஆகிவிடும். பிடித்திருந்த டயர் முன்னறிவிப்பில்லாமல் வழுக்கும்.

இன்னொன்று. ஸ்டியரிங் ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டை ராடு ஒரு வட்டவில் போடுகிறது, கீழ்க்கை ஒரு வட்டவில் போடுகிறது. சக்கரம் குதிக்கும்போது இரண்டு வில்லும் ஒன்றையொன்று தொடர்ந்து போகும்படிதான் கம்பெனி மையங்களை வைத்திருக்கும். நிற்கிற உயரத்தை மாற்றினால் வில்லின் வேறொரு துண்டில் வேலை நடக்கும். அங்கே இரண்டும் ஒத்துப்போகாமல், ஒவ்வொரு குழிக்கும் சக்கரம் தானாகவே லேசாகத் திரும்பும். நீ ஸ்டியரிங்கை ஆட்டாமலே வண்டி ஆடும். நம் மாவட்டத்து ரோட்டில் குழிக்குப் பஞ்சமா? குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை, கோதையாறு போகிற வழியில் மழைக்காலத்தில் ஒரு வளைவில் எத்தனை குழி என்று எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

வெட்டிய முனையைப் பற்றி நான் பேசவேயில்லை. கம்பெனி ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் பொருந்தும்படி இருக்கும், வெட்டியது பொருந்தாது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போதோ, ஒரு மேட்டில் சக்கரம் தொங்கும்போதோ இருக்கையை விட்டு நழுவலாம். கேஸ் கட்டரால் சூடுகாட்டி வெட்டியிருந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போயிருக்கும். பையன் கிரைண்டரால் வெட்டினானா கேஸால் வெட்டினானா என்று கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

"ரேஸ்காரன் தாழ்த்துகிறானே" என்ற கேள்வி கட்டாயம் வரும். வரட்டும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரம் விமான ஓடுபாதையில் ரேஸ் நடத்திய காலத்தில் ஹெரால்டும் ஃபியட்டும் அங்கே ஓடியிருக்கின்றன. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடமே வந்துவிட்டது. கோயம்புத்தூர் கரிவரதன் இதே மாருதியின் எஞ்சினை வைத்து, சாதாரணப் பையன்களும் ஓட்டும்படியான ரேஸ் கார் செய்தார், ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அதில் ஓட்டித்தான் மேலே போனார்கள். எஞ்சின் உன் வீட்டு எஞ்சின்தான். ஆனால் அந்தக் காரின் கைகள் எந்த இடத்தில் தொங்க வேண்டும், கோடு எங்கே வெட்ட வேண்டும் என்று தாளில் வரைந்து, அதற்கேற்ற சட்டம் செய்து, அப்புறம்தான் தாழ்த்தினார்கள். தாழ்த்தினால் கையின் கோணமும் சேர்ந்து மாற வேண்டும், பால் ஜாயின்ட்டும் டை ராடும் சேர்ந்து இறங்க வேண்டும். அவன் செய்ததில் நூறில் ஒன்றை மட்டும், கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை மட்டும், நாம் எடுத்துக்கொள்கிறோம். போதாததற்கு ரேஸ் தடத்தில் குழியும் இல்லை, குறுக்கே வரும் ஆடும் இல்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் முதலில் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. 1997 வண்டிக்கு 15 வருஷம் முடிந்து, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்தது 2027. தரையைத் தடவிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குள் போனால் என்ன சொல்வார்கள் என்று நீயே யோசி. களியக்காவிளை தாண்டினால் கெடுபிடி இன்னும் கூடுதல் என்று உங்களுக்கே தெரியும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் குனிந்து பார்ப்பது எதை என்றும் நான் சொல்ல வேண்டாம்.

சரி, பின்னே பழைய காரை நன்றாக வளையச் செய்ய வழியே இல்லையா? உண்டு. அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

25, 30 வருஷ வண்டியில் கம்பெனி போட்ட கோணம் இன்று எங்கே இருக்கிறது? ரப்பர் புஷ் தின்றுபோய், பால் ஜாயின்ட் ஆடி, ஸ்ட்ரட் மவுண்ட் கிழிந்து, ஸ்பிரிங் தளர்ந்து, எந்தக் கோணமும் அதன் இடத்தில் இல்லை. நீங்கள் "பழைய வண்டி, அப்படித்தான் ஆடும்" என்று நினைப்பது டிசைனின் குற்றமே அல்ல, தேய்மானம். என் பத்மினியில் பாதி நோய் புஷ்ஷில்தான் இருந்தது. ஆகவே முதலில் புஷ், மவுண்ட், பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் பார் புஷ், ஷாக், கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங், அதே அளவில் நல்ல ரேடியல் டயர். ஒரு பெரிய மியூசிக் சிஸ்டத்துக்குச் செலவாகிற காசுக்குள் முடியும் என்று வொர்க்‌ஷாப் வைத்திருக்கிற நம் பழைய மாணவன் சொல்கிறான். போட்டபிறகு ஒரு வாரம் ஓட்டுங்கள். பாதிப்பேர் அதோடு நின்றுவிடுவீர்கள், வண்டி அவ்வளவு மாறியிருக்கும்.

அதற்கும் மேலே வேண்டுமா? அப்போது கோணத்தைத் தொடுங்கள், தப்பில்லை. பழைய கார்கள் பலவும் அந்தக் காலத்துக் குறுக்குநூல் டயருக்காகக் கோணம் வைக்கப்பட்டவை. ரேடியலுக்கு, முன்சக்கரத்தின் தலை மிகக் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தால் வளைவில் நன்றாகப் பிடிக்கும். கேஸ்டர் ஒரு சொட்டுக் கூடினால் நேராகப் போகும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். நம் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு நான் கனத்த ஸ்டியரிங்கைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் அளந்து நோட்டில் எழுதுங்கள், மாற்றியபின் மறுபடி அளந்து எழுதுங்கள். நாலையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "இப்ப சூப்பர் சாரே" என்றால், எது நல்லது செய்தது எது கெட்டது செய்தது என்று உனக்கே தெரியாது. அறிவியல் செய்முறையில் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் நான் மார்க் போட்டிருக்கிறேனா?

மருமகனுக்குத் தனியாக ஒன்று: உன் வண்டியில் பின்பக்கம் தூக்கலாம் என்று கேட்டிருந்தாய். மேலே உள்ளதை மறுபடி படி. படித்துவிட்டு உன் ஆச்சியின் கையை நினைத்துப் பார்.

மூன்றாவது பெஞ்சுக்காரனுக்கு: உன் மகள் ஒன்றாம் வகுப்பு, தினமும் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று போன மாசம் நீயே சொன்னாய். அதுவரை பைக்கில் கூட்டிக்கொண்டு போ, ஹெல்மெட் போட்டு, மெதுவாக. கழற்றிய பழைய ஸ்பிரிங் இல்லை, வெட்டியாயிற்று, அதனால் புதுசு ஒரு ஜோடிக்குச் சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன். முற்றத்துத் தரை மட்டமாகத்தான் இருக்கிறது, போன வாரம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நூலும் சாக்பீஸும் என்னிடம் உண்டு. தூக்குக்குண்டு மட்டும் எங்கோ கிடக்கிறது, அதை நான் தேடி எடுத்து வைக்கிறேன். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வா, பார்வதிபுரம் வழியாக வராதே, அங்கே வேகத்தடை கூடுதல்.